இரைச்சலைத் தின்னும் ஹெட்போன்

செட்டியார்பட்டியில் அமைதி என்பது கரண்ட் போன நேரத்தில்தான் வரும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின், தறி, ஃபேன், மிக்ஸி, டி.வி. எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்ததும், 'அட, இவ்வளவு சத்தத்துக்குள்ளேயா இருந்தோம்!' என்று அப்போதுதான் உறைக்கும். நாலாவது வீட்டில் குழந்தை இருமுவதுகூடக் கேட்கும். கரண்ட் வந்ததும் எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். நாமும் பழையபடி உரக்கப் பேச ஆரம்பித்துவிடுவோம்.

எங்கள் பக்கம் பழக்கமில்லாத வாசகியருக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையத்தில் நூற்பாலைகள். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள். தளவாய்புரம், செட்டியார்பட்டி வட்டாரத்தில் நைட்டி தைக்கும் வேலை. வீட்டு முன்னறையிலேயே இரண்டு மூன்று பவர் மெஷின் போட்டுத் தைக்கிறவர்கள் உண்டு. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள்தான் பால்கோவா கிண்டுகிற சத்தமில்லாத தொழிலாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்கள் வீட்டில் கேலியாகச் சொல்வதுண்டு.

இந்தச் சத்தத்துக்கு நடுவே இப்போது புதிதாக ஒரு சாமான் வந்திருக்கிறது. காது மடலை முழுக்க மூடும், கிண்ணம் போன்ற ஹெட்போன். ஒயர் கிடையாது, பாட்டரி உள்ளேயே இருக்கிறது. போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினால் சுற்றுப்புற இரைச்சல் குறைகிறது. 'நாய்ஸ் கேன்சலிங்' என்று பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு இது பிரசவத்துக்கு வந்த மகளோடு வந்தது. லீவு முடிந்தபின் அவள் இங்கிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்த்த எட்டு மாதமும் அது அவள் தலையில்தான் இருந்தது. அவள் கழற்றி வைத்த நேரங்களில் நானும் போட்டுப் பார்த்தேன். என் மாமியாரும் போட்டுப் பார்த்தார். "இது நல்லதா மதினி? வாங்கலாமா? பிள்ளைக்காரி போடலாமா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது காதை அடைக்கும் பஞ்சு அல்ல. அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். சத்தம் என்பது காற்றில் வரும் அலை. அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஹெட்போனின் வெளிப்பக்கத்திலும் உள்பக்கத்திலும் கடுகளவு மைக்குகள் வைத்திருக்கிறார்கள். அவை வெளிச்சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சில்லு அதற்கு நேர் எதிரான அலையைத் தயார் செய்து நம் காதுக்குள் விடுகிறது. அங்கே மேடு என்றால் இங்கே பள்ளம். அங்கே பள்ளம் என்றால் இங்கே மேடு. இரண்டும் சேர்ந்தால் சமதரை! சத்தத்தைச் சத்தத்தாலேயே அடிக்கிற வேலை.

இந்த யோசனை ஒன்றும் நேற்று வந்ததல்ல. பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அத்தனை வேகமாக எதிர் அலை உண்டாக்க அப்போது சாதனங்கள் இல்லை. அதைக் காதில் மாட்டும் பொருளாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவருக்கு நம் நாட்டு ரத்த சம்பந்தம் இருக்கிறது. அவர் பெயர் அமர் போஸ். தகப்பனார் நோனி கோபால் போஸ், வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர். வெள்ளைக்காரன் சிறையைப் பார்த்துவிட்டு 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அங்கே பிலடெல்பியா நகரத்தில் 1929-ல் பிறந்தவர் அமர். யுத்த காலத்தில் குடும்ப வருமானத்துக்காக, பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ரேடியோ ரிப்பேர் பார்த்தார். பிறகு எம்.ஐ.டி.யில் படித்து அங்கேயே பேராசிரியரானார்.

1978-ல் அவர் ஐரோப்பாவிலிருந்து வீடு திரும்பும்போது விமானத்தில் பாட்டுக் கேட்க ஹெட்போன் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் இரைச்சலில் பாட்டு ஒன்றும் விளங்கவில்லை. நாமாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருப்போம். அவர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விமானம் தரை இறங்குவதற்குள் இரைச்சலை எப்படி அழிக்கலாம் என்பதற்கு வழி தாளில் இருந்ததாம். ஆனால் அதைப் பொருளாக்கப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1989-ல் விமானிகளுக்கான ஹெட்போன் வந்தது. சாதாரண ஜனங்கள் கடையில் வாங்கும்படி வந்தது 2000-ல்தான். இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. இந்தியக் கம்பெனிகளும் விற்கின்றன.

விமான இன்ஜினை அடக்கப் பிறந்த சாமான் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலம், பலவீனம் இரண்டும் அங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரி, விடாமல், தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று முனகும் சத்தம் எதுவானாலும் இது நன்றாகத் தின்றுவிடும். அடுத்து என்ன வரும் என்று தெரியாத சத்தம், உச்சஸ்தாயிச் சத்தம், திடீர்ச் சத்தம் இவையெல்லாம் அதற்குப் பிடிபடாது. அவற்றைக் காதுக் கிண்ணத்தின் மெத்தை தடுத்தால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபேன் சத்தம் காணாமலே போய்விடுகிறது. ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபிரிட்ஜ், மோட்டார் பம்பு, தெருவில் நின்று உறுமும் லாரி எல்லாம் அப்படியே. பவர் தையல் மெஷினில் மோட்டாரின் 'உம்' போய்விடுகிறது. ஊசி இறங்கும் 'டக டக' போகவில்லை, பஞ்சு மூட்டைக்குப் பின்னால் இருந்து வருவது போல் மங்கிக் கேட்கிறது. மிக்ஸியின் கிறீச்சொலி பாதிதான் குறைகிறது. குக்கர் விசில் கேட்கிறது. நாய் குரைப்பதும் கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டை, மோட்டார் இரைச்சல் போய்விட்டதால் முன்னைவிடத் தெளிவாகவே விழுகிறது!

கோயில் பொங்கலுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்களே, அதற்கு முன்னால் இந்த ஹெட்போன் தோற்றுப் போனது. குழாயிலிருந்து வரும் உச்சக் குரல் கொஞ்சம் மங்கினதே தவிர அடங்கவில்லை. பெட்டி பெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கரின் இடியோ காது வழியாக மட்டும் வருவதில்லை, நெஞ்சுக்கூட்டிலேயே அதிர்கிறது. அதை எந்த ஹெட்போன் என்ன செய்யும்?

பிரமாதமாக உதவியது ரயில் பிரயாணத்தில். பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் ஏறிச் சென்னை போய்ச் சேரும்வரை சக்கர இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வழக்கமாக எனக்கு வரும் தலைக் கனம் அன்று வரவில்லை. ஆனால் தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்கள் ஸ்டேஷன் நெருங்கும்போதும், ராத்திரி ஆள் குறைந்த பெட்டியிலும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதே நல்லது.

தறிக்கு இது கவசம் ஆகாது

இப்போது சொல்லப் போவதுதான் நான் இதை எழுத முக்கிய காரணம். தெருவில் ஒரு பெண் என்னிடம், "அக்கா, தறி ஓட்டுற என் வீட்டுக்காரருக்கு இதை ஒண்ணு வாங்கிக் குடுத்தா காது தப்பிக்குமில்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் பதில், தப்பிக்காது என்பதுதான்.

நாடா ஓடும் விசைத்தறியின் சத்தம் முனகல் அல்ல, அடி. நாடாவை இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று நிமிஷத்துக்கு நூற்றுக்கு மேல் அடித்துத் தள்ளுகிறது. இப்படிப் 'பட் பட்' என்று வெடிக்கும் சத்தத்தை எதிர் அலையால் பிடிப்பது கடினம். வேலை செய்பவர் குனிந்து நிமிரும்போது ஹெட்போன் நகரும், வியர்வையில் வழுக்கும், துளி இடைவெளி விழுந்தாலும் சத்தம் உள்ளே வந்துவிடும். இதெல்லாம் போதாதென்று அதற்குள் பாட்டும் போட்டால், தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றுவார்கள். காதுக்கு இரண்டு பக்கமும் அடி. ஓடும் பெல்ட்டுப் பக்கத்தில் யாராவது 'நிறுத்து' என்று கத்தினால் கேட்காமல் போகிற ஆபத்து வேறு.

சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது ஏறக்குறைய 60 டெசிபல். வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் சத்தம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறை வைத்திருக்கிறது. சத்தம் 90 ஆனால் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். 100 ஆகிவிட்டால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே 20 நிமிஷம்! பத்து டெசிபல் என்றால் நமக்கு ஏதோ பத்து ரூபாய் கூடின மாதிரி தோன்றும். உண்மையில் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு கூடுகிறது. விசைத்தறிக் கூடங்களில் 90-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். அங்கே தினமும் எட்டு மணி, பத்து மணி நேரம் நிற்கிறவர்களுடைய கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காதின் உள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பில் மயிரிழை போன்ற செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. சத்தத்தை மூளைக்குச் சொல்பவை அவைதான். பயிர் மேல் திரும்பத் திரும்ப மாடு நடந்தால் சாய்ந்து மடிவது போல, அதிக சத்தத்தில் இவை மடிகின்றன. பயிராவது மறுபடி முளைக்கும். மனுஷக் காதில் இவை மறுபடி முளைப்பதில்லை. மருந்து, சொட்டு, எண்ணெய் எதுவும் போனதைத் திருப்பித் தராது.

என் மாமியார் முப்பது வருஷம் தறியில் நின்றவர். ஹெட்போனை அவர் காதில் வைத்து மகள் பொத்தானை அழுத்தினாள். "எப்படி இருக்கு ஆச்சி?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு இது எதுக்குத் தாயி? எனக்குத்தான் சும்மாவே பாதிச் சத்தம் போயிருச்சே" என்றார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அவருக்குச் சத்தம் கேட்கிறது; பேச்சுத்தான் புரிவதில்லை. இரைச்சலால் போகும் காதில் முதலில் போவது உச்ச ஒலி. ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். 'சட்டி' என்றாலும் 'தட்டி' என்றாலும் ஒன்றாகக் கேட்கும். "சத்தமாப் பேசு" என்று அவர்கள் சொல்வதில்லை, "தெளிவாப் பேசு" என்றுதான் சொல்வார்கள். கவனித்திருக்கிறீர்களா?

இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் நூறு வருஷத்துக்கு முன் தறி ஓட்டிய பெண்கள், வாயைப் பெரிதாக அசைத்துப் பேசும் ஒரு பாஷையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். 'மீ-மா' என்று அதற்குப் பெயர். தறிக்கூடத்தில் அது சாமர்த்தியம். வயதானபின் வீட்டிலும் அதுதான் துணை. நம் தறிக்கூடங்களிலும் கைஜாடை, வாய்ஜாடை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

தறிக்கும் தையலுக்கும் வேண்டியது இந்த விலை உயர்ந்த ஹெட்போன் அல்ல. அழுத்தினால் அமுங்கும் நுரைப் பஞ்சு அடைப்பான், அல்லது தொழிற்சாலைக்காரர்கள் போடும் காதுக் கவசம். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். நுரை அடைப்பான் ஜோடி சில பத்து ரூபாய்தான். கையைக் கழுவிக்கொண்டு, அதைத் திரி போல உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது உப்பும்வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கவிட்டால் பிரயோஜனம் இல்லை. காதில் சீழ் வடிகிறவர்கள் இதையும் போடக்கூடாது, ஹெட்போனும் போடக்கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில் நோய்களில் ஒன்றாக இடம் பெற்றது. ஆனால் முன்னறையில் இரண்டு மெஷின் போட்ட வீட்டைத் தொழிற்சாலை என்று யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அங்கே நம் காதுக்கு நாமேதான் இன்ஸ்பெக்டர்.

குழந்தை இருக்கும் வீட்டில்

பிள்ளைக்காரிகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். போடலாம். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் முழித்திருக்கும்போது மட்டும். குழந்தையின் அழுகை உச்ச ஒலி; அதை எதிர் அலை முழுக்க அழித்துவிடாதுதான். இருந்தாலும் கிண்ணத்தின் மெத்தையும் உள்ளே ஓடும் பாட்டோ பேச்சோ சேர்ந்து அதை மறைத்துவிடும். தொட்டிலில் சிணுங்குவது, தவழ்ந்து வாசல் படிக்குப் போவது, தண்ணீர் வாளிப் பக்கம் போவது இதெல்லாம் சத்தமில்லாத காரியங்கள். தாய்க்குக் காதுதான் இரண்டாவது கண். தனியாக இருக்கும் வீட்டில் அடுப்பில் பால், தொட்டிலில் பிள்ளை என்று வைத்துக்கொண்டு இரண்டு காதையும் மூடுவது கூடவே கூடாது.

பெரும்பாலான ஹெட்போன்களில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. பொத்தானை மறுபடி அழுத்தினால் அதே மைக்குகள் வெளிச்சத்தத்தை உள்ளே விடும். காதில் ஹெட்போன் இருந்தாலும் "அம்மா" என்றால் கேட்கும். வீட்டு வேலை செய்துகொண்டே கதையோ செய்தியோ கேட்கிறவர்கள் எப்போதும் இந்த நிலையில் வைத்துக்கொள்வதே சிலாக்கியம். எங்கள் மகள் காய் நறுக்கும்போது அப்படித்தான் வைத்திருந்தாள்.

அதே சமயம், பச்சை உடம்புக்காரிக்கு இது செய்கிற நல்லதையும் சொல்ல வேண்டும். ராத்திரி நாலு தரம் எழுந்து பால் கொடுத்தவளுக்குப் பகலில் அரை மணி நேரம் கண்ணயரக் கொடுத்து வைப்பதில்லை. குழந்தையை நான் வாங்கிக்கொண்டு மகளை உள்ளறைக்கு அனுப்பிவிடுவேன். பாட்டு எதுவும் போடாமல் சும்மா இரைச்சலைக் குறைக்க மட்டும் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். எழுந்து வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். இதில் ஒருக்களித்துப் படுக்க முடியாது, கிண்ணம் அழுத்தும். சாய்வு நாற்காலிக்குத்தான் சரி.

அக்கம்பக்கத்தில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. "பெத்தவ காதை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா" என்று பேச்சு. அதே வீடுகளில் ஆண்பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை! கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது பெண்ணுடைய வேலை என்று வைத்துவிட்டோம். அவள் காதுக்கு ஓய்வு என்றால் வீட்டுக்கே ஏதோ குறை வந்த மாதிரி. இந்த விஷயத்தில் எங்கள் வீட்டில் என் மாமியார்தான் நியாயம் சொன்னார். "அரை மணி நேரம் கூப்பிடாம இருங்களேன், குடி முழுகிப் போயிருமா?" என்றார். அதோடு பேச்சு நின்றது.

கைக்குழந்தைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் ஹெட்போனை மாட்டி வேடிக்கை பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு இன்னும் குறைவு, 75 டெசிபல். திருவிழாக் கொட்டு, வெடிச் சத்தத்திலிருந்து காப்பாற்ற, பாட்டுப் பாடாத சாதாரணக் காதுக் கவசம் குழந்தை அளவிலேயே கிடைக்கிறது. அதைவிட நல்லது, குழந்தையை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போகாமலிருப்பது.

வால்யூம் விஷயம்

இந்த ஹெட்போனால் காதுக்கு நன்மை உண்டு என்றால் அது ஒரே வழியில்தான். வெளி இரைச்சல் குறைவதால் பாட்டைக் கூட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. சாதாரணக் காதுக் குமிழைப் போட்டு பஸ்ஸில் கேட்கும் பிள்ளைகள், இன்ஜின் சத்தத்தை ஜெயிக்க முக்கால் அளவுக்கு மேல் ஏற்றுகிறார்கள். இதில் பாதியே போதும். ஆனால் பாதி போதும் என்பதால் பாதியோடு நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? உலகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளவட்டங்கள் இப்படிச் சத்தமாகக் கேட்டே காதைக் கெடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்சரித்தது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் சேர்த்திதான். ஹெட்போன் போட்டிருப்பவர் பக்கத்தில் நின்று நமக்குப் பாட்டு விளங்கினால் அது அதிகம். கழற்றிய பிறகு காதில் வண்டு ரீங்கரித்தால் மிக அதிகம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கழற்றிக் காதுக்குக் காற்றுக் கொடுப்பது நல்ல பழக்கம்.

போட்டவுடன் சிலருக்குக் கொடைக்கானல் மலை ஏறும்போது அடைக்கிற மாதிரி காது அடைக்கும். லேசாகத் தலை சுற்றுவதும் உண்டு. எனக்கு முதல் இரண்டு நாள் இருந்தது, பிறகு இல்லை. சிலருக்குப் பழகவே பழகாது. அதனால் கடையில் பத்து நிமிஷமாவது போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

பூவும் தோடும்

இதைச் செய்தவர்கள் நம் பெண்களை நினைத்துச் செய்யவில்லை என்பது போட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஜிமிக்கி போட்டுக்கொண்டு மாட்டவே முடியாது. மாட்டல் இருந்தால் மெத்தை காதோடு ஒட்டாது. இடைவெளி வழியாக இரைச்சல் உள்ளே வரும். சின்னத் தோடானாலும் கால் மணி நேரத்தில் திருகாணி காதுக்குப் பின்னால் குத்த ஆரம்பிக்கும். கொண்டை போட்டு மல்லிகைப் பூ வைத்திருந்தால் மேல் பட்டை பூவை நசுக்கும். பின்னல்காரிகளுக்குச் சிரமமில்லை. மூக்குக் கண்ணாடிக் காம்பும் இடைவெளி விடும். மெல்லிய காம்பானால் பரவாயில்லை.

அடுத்தது எண்ணெய். நம் தலையில் தேங்காய் எண்ணெய் இல்லாத நாள் ஏது? மெத்தையின் மேலே இருப்பது தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. எண்ணெயும் சித்திரை வெயில் வியர்வையும் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அதைப் பொருபொருவென்று உதிரச் செய்துவிடும். கன்னமெல்லாம் கறுப்புப் பொடியாக ஒட்டும். ஒவ்வொரு தரமும் கழற்றியதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர் வேண்டாம். நைட்டி ஊரில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? பனியன் துணியில் எலாஸ்டிக் வைத்து வட்டமாக உறை தைத்து மாட்டினோம். வியர்வைக்கு வெகு சுகம், துவைத்தும் போடலாம். இரைச்சல் குறைவது மட்டும் ஒரு பிடி மட்டுப்படுகிறது. மெத்தை தனியாக மாற்றக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குக் காது மாற்றிப் போடும் பழக்கம் வேண்டாம். ஒருவர் காதுப் புண் இன்னொருவருக்கு வரும்.

வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கும் பெண்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 'நாய்ஸ் கேன்சலிங்' என்பது *உங்கள்* காதுக்கு. போனில் எதிரே இருப்பவருக்கு உங்கள் வீட்டுத் தையல் மெஷினும் குக்கரும் கேட்கத்தான் கேட்கும். நீங்கள் பேசும் மைக்கில் இரைச்சலை வடிகட்டுவது வேறு ஏற்பாடு. அது ஒவ்வொரு ரகத்தில் ஒவ்வொரு மாதிரி. மகளுக்கு இங்கே அமைதி, அவளுடைய மேலதிகாரிக்கு அங்கே எங்கள் தெரு முழுக்க! கடையில் வாங்கும்போது அங்கிருந்தே யாருக்காவது போன் போட்டு, கடைத்தெருச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

விலை இரண்டாயிரத்து சொச்சத்திலிருந்து முப்பதாயிரத்துக்கு மேலும் போகிறது. மலிவு ரகங்களில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தாலும் ஃபேன் சத்தத்தைத் தாண்டி அதிகம் போகாது. பத்தாயிரத்தை ஒட்டினவை நம் வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். எடையைப் பாருங்கள்: சோனி கம்பெனியின் நடுத்தர ரகம் ஒன்று 192 கிராம், அதே கம்பெனியின் உயர்ந்த ரகம் 250 கிராம். அறுபது கிராம் என்ன பெரிசு என்று தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுத்துக்குத் தெரியும். ஒரு தரம் சார்ஜ் ஏற்றினால் 30 மணி நேரம் போல ஓடும். பாட்டரி ஓய்ந்துபோனால் மாற்றித் தருவார்களா, சர்வீஸ் ராஜபாளையத்தில் உண்டா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்.

பத்தாயிரம் செலவழிக்க யோசிக்கிறவர்கள், அதற்கு முன் செலவில்லாத காரியம் ஒன்றைச் செய்யலாம். வீட்டில் தறியில் நின்றவர், பவர் மெஷினில் உட்காருகிறவர், டி.வி.யை நாளுக்கு நாள் கூட்டி வைக்கிறவர் யாராவது இருந்தால் அவர்களுக்குக் காது பரிசோதனை செய்துவிடுங்கள். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியிலும், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளை விட்டு, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். அரை மணி நேர வேலை. வலி ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து இறங்கி நேரே போகக் கூடாது. இரைச்சலில் களைத்த காது அன்று உள்ளதைவிடக் குறைவாகவே கேட்கும். தறி நிறுத்திய லீவு நாளுக்கு மறுநாள் காலையில், மெஷினில் உட்காருவதற்கு முன்னால், அழைத்துப் போங்கள்.